கேட் மாத்திரை

காலை ஏழு மணிக்கு எங்கள் கடைக்கு எதிரே ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும். பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர்ப் பக்கம் வேலைக்குப் போகிற பெண்கள் அதில் ஏறுவார்கள். கையில் சாப்பாட்டுக் கூடை, கழுத்தில் அடையாள அட்டை. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார், அதற்கு மேல் யாருக்காகவும் நிற்க மாட்டார். அந்த ஐந்து நிமிஷம் நான் கவுன்டரில் இருப்பதில்லை. உள்ளே போய் ஏதாவது ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து மறுபடி அடுக்கிக்கொண்டிருப்பேன். இடது பக்க ஜன்னலோரம் உட்காருகிற ஓர் இளம்பெண் என்னைப் பார்த்தால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள எனக்கு முகமில்லை.

நான் டி.ஃபார்ம் படித்தவள். முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நடந்த அத்தனைக்கும் என் படிப்புதான் காரணம். ஜோலார்பேட்டையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். அப்பா தண்டவாளத்தில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மூன்றாம் மாதமே இந்த மெடிக்கலில் சேர்ந்துவிட்டேன். கடை முதலாளியை ஊரே பாய் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிற சர்டிபிகேட் என்னுடையது, அதற்குக் கீழே நிற்பதும் நான்தான். இதிலென்ன பெருமை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் எதிர்க் கடையில் தொங்குகிற சர்டிபிகேட்டுக்குச் சொந்தக்காரரை நான் ஒரு நாளும் கண்டதில்லை. அவர் பெங்களூரில் வேறு வேலையில் இருக்கிறாராம். சர்டிபிகேட் மட்டும் இங்கே வியாபாரம் செய்கிறது.

அதனால் எனக்குத் தலைக்கனம் உண்டு. மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டேன். இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடு, இதைப் பாலோடு போடாதே, இது வயிற்றைப் புண்ணாக்கும் என்று ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து வகுப்பெடுப்பேன். பாய் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது. டாக்டரிடம் போக அரை நாள் லீவு போட வேண்டும். என்னிடம் வர பஸ் வரும்வரை கிடைக்கிற நேரம் போதும். என்னை மெடிக்கல் மேடம் என்று கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது உள்ளுக்குள் குளிரும், அதை ஏன் மறைப்பது.

கொரோனா வந்தபோது ஊரில் பாதி கிளினிக்குகளை மூடிவிட்டார்கள். நாங்கள் மட்டும் கயிறு கட்டி, சுண்ணாம்பில் வட்டம் போட்டுக் கடையைத் திறந்து வைத்திருந்தோம். இருமிக்கொண்டு வருகிறவன் முதலில் எங்கள் முகத்தில்தான் இருமினான். டாக்டர்களுக்குக் கை தட்டினார்கள், நர்சுகளுக்கு விளக்கேற்றினார்கள், போலீசுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் மாலை போட்டார்கள். மெடிக்கலில் நிற்கிறவர்கள் பேர் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. அன்றைக்கு எனக்கு ஏக வயிற்றெரிச்சல். பாயிடம் சொல்லிப் புலம்பினேன். இன்று யோசித்தால், நல்லவேளை எனக்கு யாரும் கை தட்டவில்லை.

இரண்டாவது அலை சித்திரையில் வந்தது. ஊரடங்கு போட்டார்கள், ஆனால் ஏற்றுமதி செய்கிற கம்பெனிகளுக்குக் கொஞ்சம் ஆட்களோடு நடத்திக்கொள்ள அனுமதி இருந்தது. ஊரே அடங்கிக் கிடக்க, எதிரே அந்த பஸ் மட்டும் வந்து நிற்கும். இங்கே ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கம்பெனி கேட். கேட்டில் செக்யூரிட்டி நெற்றிக்கு நேராகச் சூடு பார்க்கிற துப்பாக்கியை நீட்டுவான். சூடு அதிகமாகக் காட்டினால் அப்படியே திரும்ப வேண்டியதுதான். பதினாலு நாள் வரக் கூடாது, அந்தப் பதினாலு நாளுக்குச் சம்பளமும் கிடையாது.

அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி எங்கள் கடைக்கு வருஷக்கணக்காக வருகிறவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், அதனால் அக்கா என்பேன். கம்பெனியில் பேஸ்டிங் செக்‌ஷன். ஷூவின் மேல் தோலையும் உள் துணியையும் பசை தடவி ஒட்டுகிற வேலை. அந்தப் பசையை அவர்கள் சொலூஷன் என்பார்கள். சைக்கிள் கடையில் பஞ்சருக்குத் தடவுவார்களே, அந்த ஜாதி. சாயந்தரம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பத்து விரலிலும் அது காய்ந்து பழுப்பாக ஒட்டியிருக்கும். பேசிக்கொண்டே அதைச் சுருள் சுருளாக உரித்து எங்கள் கவுன்டர் கண்ணாடி மேல் போடுவாள். நான் கத்துவேன். "இன்னா மேடம், என் தோலயா உரிச்சிப் போட்டேன்" என்று சிரித்தபடி புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போவாள்.

அவள் புருஷன் தோல் பதனிடுகிற ஷாப்பில் கூலிக்குப் போகிறவன், வேலை இருந்தால் உண்டு இல்லாவிட்டால் இல்லை. வீடு நடந்தது அவள் சம்பளத்தில். ஒரே பெண், பி.காம். கடைசி வருஷம். அந்தப் பெண் கம்பெனி பஸ்ஸில் ஏறக் கூடாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை. பேங்க் பரீட்சை எழுத வைக்கப் போகிறேன், ஃபேன் கீழே உட்கார்ந்து வேலை செய்யட்டும் என்று என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள்.

அப்படி அவளைத் திருப்பி அனுப்பியபோது அவளுக்குக் காய்ச்சலே இல்லை. பஸ்ஸில் வெயில் அடிக்கிற ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறாள், நெற்றி கொதித்திருக்கிறது, அவ்வளவுதான். பதினாலு நாள் வீட்டில் உட்கார்ந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போகிற அன்று காலை, கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். கேட்டில் சூடு காட்டாமல் இருக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று. அவளோடு லைனில் வேலை செய்கிற சிலர் கேட்டில் வரிசையில் நிற்கும்போது ஒரு காய்ச்சல் மாத்திரையை முழுங்கிப் பார்த்தார்களாம், அப்படியும் மாட்டிக்கொண்டார்களாம்.

எனக்கு அந்த அறியாமைதான் பொறுக்கவில்லை. இதைச் செய்யலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது, இதை ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே என்று. "கேட்ல நின்னுக்கினு முழுங்கினா எப்படிக்கா வேல செய்யும்? வயித்துல எதனா போட்டுக்கினு, பஸ் ஏறுறதுக்கு முன்னாடி இங்கயே போட்டுடுங்க. பெரியவரிகம் வரும்போது வேர்க்கும். வேர்த்துட்டா மூஞ்சத் தொடச்சிக்கோங்க, அப்புறம் கேட்ல பயமில்ல" என்றேன்.

பெரியவரிகம் நாங்கள் ஆம்பூர் போகிற வழியில் இருக்கிற ஊர். நான் மருந்து எத்தனை நிமிஷத்தில் இறங்கும் என்று கணக்குப் போட்டு, அவளுக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று ஊர்ப்பெயராகச் சொன்னேன். அவள் அப்படியே திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். இந்த ஊரில் போர்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, உப்பும் நுரையுமாக வரும். கடையில் எங்களுக்கென்று கேன் தண்ணீர் வைத்திருந்தோம். ஒரு பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

அடுத்த வாரம் நான்கு பேர் வந்து கேட் மாத்திரை என்று கேட்டார்கள். எந்த மாத்திரை என்று எனக்கே முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது, வெட்கம் வரவில்லை. பஸ் வருவதற்குள் கவுன்டரில் வரிசையாக நின்று போட்டுக்கொண்டு, வரிசையாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறுவார்கள். பாய் ஒரு கேனுக்கு இரண்டு கேனாக வாங்கிப் போட்டார். ஒரு நாள் வாணியம்பாடியிலிருந்து ஒருவர் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார். அவர் மனைவியும் ஷூ கம்பெனிதான், ஆனால் வேறு கம்பெனி, வேறு பஸ். மின்னூர் வரும்போது வேர்த்துவிட்டால் கேட்டில் பயமில்லை என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். பேரணாம்பட்டில் படித்த மேடம் ஒருத்தர் சொன்ன கணக்காம். ஊரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த மேடம் நான்தான் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளவும் செய்தேன். அப்படியொரு ஜென்மம் நான்.

அந்த நாட்களில்தான் ஓர் உத்தரவு வந்தது. காய்ச்சல் மாத்திரை வாங்குகிறவர்களின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வைக்க வேண்டும், சுகாதாரத் துறை ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு போய் வீட்டிலேயே டெஸ்ட் எடுப்பார்கள். நல்ல உத்தரவு. டாக்டரைப் பார்க்காத ஜனங்கள் எல்லாரும் எங்களைப் பார்க்கத்தானே வருகிறார்கள். எந்தத் தெருவில் காய்ச்சல் கிளம்புகிறது என்று ஊரில் முதலில் தெரிவது எனக்குத்தான். இத்தனை வருஷத்தில் அரசாங்கத்துக்கு அது ஒரு தடவையாவது தோன்றியதே என்று சந்தோஷப்பட்டுப் புது நோட்டுப் போட்டேன்.

பாய் நோட்டைப் பார்த்துவிட்டு, "பேர எழுதினா தெருவயே தகரம் வச்சி அடச்சிடுவாங்கம்மா. பேஜாராய்டும். நாம எழுதினா எதிர்ல போய் வாங்கிக்கப் போறாங்க" என்றார். நான் அவரோடு சண்டை போட்டேன். சண்டை போட்டுவிட்டு நானே என்ன செய்தேன் என்றால், தெரியாத முகங்களை எழுதினேன். பஸ்காரப் பெண்களை எழுதவில்லை. அவர்கள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்குக் கை ஓடவில்லை. ஸ்டாக்குக்குக் கணக்கு வர வேண்டுமே, அதற்காக பல் வலி என்றும் இடுப்பு வலி என்றும் எழுதி, நம்பர் இருக்கும் இடத்தில் கோடு போட்டேன்.

ஒரு திங்கட்கிழமை பேஸ்டிங் அக்கா மாத்திரை போட வந்தபோது கண் சிவந்திருந்தது. தொட்டுப் பார்க்கும் காலமா அது. தள்ளி நின்றே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்த அசதி என்றாள். செவ்வாய்க்கிழமையும் வந்தாள். புதன்கிழமை எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்போது எல்லாருக்கும் தெரிந்திருந்த ஒரே அடையாளம் வாசனை போவது. வாசனை தெரிகிறதா என்று கேட்டேன். "எனக்கு வாசன போயி பல வருசம் ஆச்சு மேடம். சொலூஷன் அடிச்சி அடிச்சி மூக்கு செத்துப் போச்சு. வீட்ல பால் தீஞ்சாக்கூடப் பொண்ணு சொன்னாதான் தெரியும்" என்றாள்.

டெஸ்ட் எடுத்துவிடலாமே என்றேன். அவள் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டாள். பெண்ணுக்குக் கடைசி செமஸ்டர். இன்னொரு பதினாலு நாள் போனால் லைனில் அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள். இந்த ஒரு வாரம் ஓடிவிட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை படுத்துத் தூங்கினால் சரியாகிவிடும் என்றாள். மனசு கேட்கவில்லை என்று சொல்வார்களே, எனக்கு மனசு நன்றாகவே கேட்டது. நோட்டை மூடி வைத்தேன். மாத்திரையைக் கொடுத்தேன், தண்ணீரும் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, ரோட்டைத் தாண்டி வருவதற்கே இரண்டு இடத்தில் நின்று வந்தாள். கவுன்டரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பயந்துபோய் விரல் மெஷினை எடுத்தேன். விரலைக் கிளிப் போலக் கவ்விக்கொண்டு ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மெஷின். அப்போது எங்கேயும் கிடைக்காத சாமான், கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்த காலம். அவள் ஆள்காட்டி விரலில் மாட்டினேன். எண்பத்தாறு காட்டியது.

ஆனால் அவள் நின்றுகொண்டிருந்தாள், பேசிக்கொண்டிருந்தாள். எண்பத்தாறில் ஓர் ஆள் இப்படி நிற்குமா என்று என் படிப்பு கேட்டது. கழற்றிப் பார்த்தேன். விரல் நுனியிலும் நகத்திலும் முந்தின நாள் சொலூஷன் காய்ந்து ஏடாக ஒட்டியிருந்தது. நகப்பூச்சு இருந்தால் மெஷின் தப்பாகக் காட்டும் என்று நான் படித்திருக்கிறேன். படித்தது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்தேன், வரவில்லை. நடுவிரலில் எண்பத்தெட்டு. அடுத்ததில் எண்பத்தேழு. இடது கைச் சுண்டுவிரலில் மட்டும் பசை கம்மியாக இருந்தது. அதில் எண் ஏறி இறங்கி ஒரு வினாடி தொண்ணூற்றைந்தில் நின்றது. எந்த விரல் நான் கேட்க நினைத்த பதிலைச் சொன்னதோ அந்த விரலை நம்பினேன்.

"சொலூஷன் ஒட்டியிருக்குக்கா. அதான் கம்மியா காட்டுது" என்றேன்.

அவளுக்கு எவ்வளவு நிம்மதி. முகமே மாறிவிட்டது. பஸ் இரண்டாவது ஹாரன் அடித்தது. "சாயந்தரம் கைய நல்லா தேய்ச்சிக் கழுவிக்கினு வர்றேன் மேடம். அப்ப பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பஸ் படியில் ஏற அவளுக்கு இன்னொரு பெண் கை கொடுத்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்கு மருந்து எடுக்கத் திரும்பினேன்.

வழக்கமாக பஸ் திரும்பி வந்த பிறகுதான் நான் வீட்டுக்குக் கிளம்புவேன். அன்றைக்கு வீட்டில் மாமியாருக்கு இருமல். அவருக்கும் பார்த்துவிடலாம் என்று விரல் மெஷினைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நாலு மணிக்கே கிளம்பினேன். அவள் சாயந்தரம் வருவதாகச் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. கைதானே கழுவ வேண்டும், நாளைக்குப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. மாமியாருக்குத் தொண்ணூற்றேழு. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் பாய் சொன்னார். "அந்தம்மா நேத்து வந்துச்சு. கை ரெண்டும் சிவப்பா தேய்ச்சி வச்சிருந்துச்சு, தின்னர் போட்டுக் கழுவினேன்னு காட்டுச்சு. மெஷின நீ எங்க வச்சன்னு எனக்குத் தெரியல. மேடம் போய்ட்டாங்கன்னு சொல்லி அனுப்ச்சிட்டேன்."

கொஞ்ச நேரம் கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். பிறகு எழுந்து போனாளாம். சனிக்கிழமை அவள் பஸ்ஸுக்கு வரவில்லை. வீட்டில் படுத்துத் தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வீடு எங்கள் கடையிலிருந்து நாலு தெரு தள்ளி. போய்ப் பார்த்துவிட்டு வர பத்து நிமிஷம் ஆகாது. போகவில்லை.

திங்கட்கிழமை பஸ்காரப் பெண்கள் வந்து சொன்னார்கள். சனிக்கிழமை மத்தியானம் மூச்சு முட்டியிருக்கிறது. ஆட்டோவில் ஏற்றி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், படுக்கை இல்லை. இன்னொன்றுக்குப் போனார்கள், அங்கேயும் இல்லை. வேலூருக்குக் கொண்டுபோய், வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையில் காத்திருந்தார்கள். வரிசை நகர்வதற்குள் போய்விட்டாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு யாரைத் திட்டுவது. அப்போது எல்லா வாசலிலும் அதே வரிசைதான். உடம்பை ஊருக்குக் கொண்டுவரவும் விடவில்லை. மகளும் புருஷனும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். சொல்லி முடித்துவிட்டு, அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்கள் கேட் மாத்திரை கேட்டார்கள். பஸ் வருவதற்கு நேரமாகிவிட்டது, சீக்கிரம் கொடுங்கள் மேடம் என்றார்கள்.

அந்த வாரமே சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸம்மா வந்தார். அக்காவின் புருஷனுக்கும் பக்கத்து வீட்டில் மூன்று பேருக்கும் கொரோனா என்று வந்திருந்தது. என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிய ஆள், முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "இந்தத் தெருவுல எல்லாருக்கும் பல் வலியா மேடம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் களைத்துப்போய்க் கேட்டார். நோட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டியிருந்தது. சைக்கிள் கடைக்காரரிடம் கொஞ்சம் பஞ்சர் சொலூஷன் வாங்கி வந்தேன். மத்தியானம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார், கடையில் யாரும் இல்லை. என் ஆள்காட்டி விரலிலும் நகத்திலும் தடவி, காயவிட்டு, அதன் மேல் இன்னொரு பூச்சு தடவி, அவள் விரல் இருந்த மாதிரியே ஆகும்வரை காத்திருந்தேன். பிறகு மெஷினை மாட்டினேன்.

தொண்ணூற்றெட்டு.

நடுவிரலில் தடவி மாட்டினேன். தொண்ணூற்றெட்டு. பசைக்கும் மெஷினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நகப்பூச்சுக்குப் படித்ததை நான் பசைக்குப் போட்டுக்கொண்டேன். அவள் விரல்கள் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கின்றன, ஒன்றல்ல, மூன்று விரல்கள். அந்தச் சுண்டுவிரல் ஏன் ஒரு வினாடி தொண்ணூற்றைந்து காட்டியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கவுன்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து என் விரலிலிருந்து பசையை உரித்தேன். அவள் உரிப்பது போலச் சுருள் சுருளாக வரவில்லை, பிய்ந்து பிய்ந்து வந்தது. அன்றைக்கு அழுதேன். அழுததில் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை, இருந்தாலும் அழுதேன்.

அதற்குப் பிறகு நான் கேட் மாத்திரை கொடுப்பதை நிறுத்தினேன். நோட்டில் எல்லாரையும் எழுதினேன். பஸ்காரப் பெண்கள் இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். பெங்களூர்க்காரரின் சர்டிபிகேட் யாரிடமும் எதுவும் கேட்காது. வரிசை ரோட்டின் அந்தப் பக்கம் நகர்ந்தது, ஒரு நாளில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. நான் உத்தமியானதில் ஊருக்கு நடந்தது அவ்வளவுதான். அலை அதுவாக வந்தது, அதுவாகப் போனது.

தை மாதம் மூன்றாவது அலை வந்தது. பொங்கல் முடிந்து கம்பெனி திறந்த வாரம். காலை ஏழாவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண் வந்து கவுன்டரில் நின்றாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. முகக்கவசம் போட்டிருந்ததால் முதலில் தெரியவில்லை. பேசுவதற்குள் விரலிலிருந்து எதையோ உரித்துக் கண்ணாடி மேல் வைத்தாள். பழுப்பாக ஒரு சுருள். எனக்குத் தெரிந்துவிட்டது.

பி.காம். முடித்தாயிற்று. அப்பாவுக்குக் கொரோனாவுக்குப் பிறகு நெஞ்சு பலமில்லை, தோல் ஷாப்புக்குப் போக முடியவில்லை. கம்பெனியில் இரக்கப்பட்டு அம்மாவின் இடத்தை இவளுக்குக் கொடுத்தார்கள். அதே பேஸ்டிங் செக்‌ஷன், அதே மேஜையாம். பேங்க் பரீட்சைப் புத்தகம் வீட்டில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்ப்பேன் என்றாள். நான் கேட்காமலே இவ்வளவையும் சொன்னாள். கண் சிவந்திருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, கேட் மாத்திரை ஒன்று வேண்டும் என்றாள்.

நான் முடியாது என்றேன். அவள் கையைப் பிடித்து இழுத்து மெஷினை மாட்டினேன். தொண்ணூற்றேழு. மறுபடியும் பார்த்தேன், மறுபடியும் தொண்ணூற்றேழு. ஆனாலும் காய்ச்சல் இருக்கிறது, டெஸ்ட் எடுக்க வேண்டும், வீட்டில் இருக்க வேண்டும், அப்பாவுக்கு ஒட்டிவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. பாய் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். நான் சொன்னது எல்லாமே அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"லீவு போட்டா அம்மா இடத்த எடுத்துடுவாங்க மேடம்" என்றாள்.

கோபமில்லாமல் திரும்பி ரோட்டைத் தாண்டினாள். எதிர்க் கடையில் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடி இந்தப் பக்கம் வந்தாள். பஸ் தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் நேராக என் கவுன்டருக்கு வந்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க மேடம். அங்க போர்த் தண்ணிதான் வச்சிருக்காங்க."

கேனிலிருந்து பேப்பர் கப்பில் ஊற்றினேன். அவள் முகக்கவசத்தை இறக்கினாள். அம்மாவின் வாய், அம்மாவின் தாடை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அண்ணாந்து, தண்ணீர் முழுவதையும் குடித்தாள். ஹாரன் ஒரு தடவை அடித்தது. போகிறவள் நின்று, ஒரு சந்தேகம் தீர்த்துக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"பெரியவரிகம் வரும்போது வேர்க்கும், இல்ல மேடம்? அம்மா சொல்லும்."

இந்த ஊரில் இதற்குச் சரியான பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வேர்க்கும் என்றேன்.